பதினொரு பல்

மொமிலோவுக்கு ஒன்பது பல்.
மேலே ஐந்து, கீழே நான்கு.
மனாமா, சீஃப் பக்கத்து மாலின் இரண்டாம் மாடியில்
கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் நின்று
ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது சொல்கிறேன்:
பல்லை எண்ணிப் பாருங்கள் மேடம்,
பாதத்தில் தையல் தெரியக் கூடாது,
காது நுனியில் சாயம் கசியக் கூடாது,
மோந்து பார்த்தால் மண்ணெண்ணெய் வாடை வருகிறதா,
அது எங்கள் பிள்ளை இல்லை.

எங்கள் பிள்ளை பதிமூன்றரை தினார்.
பெட்டிக்குள் எந்த நிறம் என்று
வாங்குகிறவருக்கும் தெரியாது, விற்கிற எனக்கும் தெரியாது.
பச்சை வரும்வரை
பதினாறு பெட்டி கிழித்தான் ஒரு பையன்.
பதினைந்து ஊதாவும் வேண்டாம் என்று
மேசையிலேயே விட்டுப் போனான்.
அவன் அப்பா ரசீதைக்கூடப் பார்க்கவில்லை.

பாபுல் பஹ்ரைனுக்குப் பின்சந்தில்
அலியார் கடையில் இரண்டே தினார்.
பெட்டி கிடையாது, கண்ணாடிப் பை.
பச்சை கேட்டால் பச்சை.
"உங்க கடையில சூது.
இங்க சூது இல்ல பாய்" என்றார் அலியார்,
"திருட்டு மட்டும்தான்."
சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு
பேரம் பேச வாய் வரவில்லை.

இதை முதலில் வரைந்தவள் ஒருத்தி இருக்கிறாள்.
கடைச் சுவரொட்டியில் முகம் இல்லை,
பென்சில் பிடித்த கை மட்டும்.
நகம் கடிக்கும் பழக்கம் போல, விரல் நுனியெல்லாம் சிவப்பு.
அந்தக் கையை நினைத்தேன்,
பையைக் கையில் எடுத்த பிறகும் நினைத்தேன்.
அப்புறம் ரிஃபாயாவுக்கு வரும் பதினேழாம் தேதி
பத்து வயது என்பதை நினைத்தேன்.
என் சம்பளம் நூற்று நாற்பது.
இதில் யார் யாரைத் திருடுகிறார்கள் என்று
வகுத்துக் கழித்துப் பார்க்கலாம்.
பார்த்தேன். கை மட்டும் மறுபடி வந்தது.

லிஃப்டில் தனியாக ஏறும்போது ஒரு வாதம் கிடைத்தது:
பாஸ்போர்ட்டின் அசல் கம்பெனிப் பெட்டகத்தில்,
பர்ஸில் இருப்பது நகல்.
பரங்கிப்பேட்டையில் வாங்கிய கடனுக்கு
ஆறு வருடமாய் வட்டி போகிறது,
அசல் அசையவில்லை.
அசலென்ற சொல்லுக்கும் எனக்கும்
என்ன கொடுக்கல் வாங்கல்?
நல்ல வாதம்தான்.
நான்காம் மாடியில் கதவு திறந்தது,
வாதத்தை உள்ளேயே விட்டு வெளியே வந்தேன்.

ஹமீது ஊருக்குப் போனான், கொடுத்தனுப்பினேன்.
சின்னவன் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள் என்றேன்
மனைவியிடம்.
ஏன் என்றாள்.
சும்மாத்தான் என்றேன்.

பிறந்தநாளன்று குரல்பதிவு வந்தது. நான்கு நொடி.
"வாப்பா, இதுக்குப் பதினோரு பல் இருக்கு."
அழவில்லை, கோபமும் இல்லை,
கணக்குக்கு விடை சொல்வதுபோல்.
எண்ணக் கற்றுக்கொடுத்தவன் நான்தான்.
போன ரமலானில், வீடியோ காலில்,
கடைச் சட்டையோடு, கொஞ்சம் பெருமையோடு.

அதற்கு இன்னும் பதில் போடவில்லை.

இன்று மாலை ஷஃபிகுல் பாய் வந்தார்,
கீழ்த்தளத்தில் கார் கழுவுகிறவர்.
ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு
பனியனுக்குள்ளிருந்து ஒரு மொமிலோவை எடுத்து வைத்தார்.
ஒன்பது தினாராம், தெரிந்தவர் கொடுத்த விலையாம்,
மகளுக்காம்.
"ஒரிஜினல்தானே பாய்?"

தூக்கிப் பார்த்தேன்.
மேலே ஆறு.
கீழே எண்ணாமல் கொஞ்சநேரம்
காதைத் தடவிக்கொண்டிருந்தேன்.
பில் மிஷினுக்கு அந்தப் பக்கம் மேனேஜர்.
போலி வந்தால் எழுதிவைக்க ஒரு பதிவேடு உண்டு,
வாங்கிய கடை, கொண்டுவந்தவர் பெயர்.
கீழே ஐந்து.

வாயைத் திறந்தேன்.
ஷஃபிகுல் பாய்
அதையே பார்த்துக்கொண்டிருந்தார்,
என் பல்லை எண்ணுவதுபோல.